அரம் ஏறவில்லையா? அறிகுறி பார்த்து அரத்தைச் சரிசெய்யும் வழி

வீட்டுப் பட்டறையில் காலத்துக்கு முன்பே தூக்கி எறியப்படும் கருவிகளில் அரத்துக்குத்தான் முதலிடம். "மழுங்கிப் போச்சு" என்று மூலையில் போட்ட அரங்களை எடுத்துக் கழுவிப் பார்த்தால், அவற்றில் பலவும் மழுங்கியே இருக்காது. பல்லிடுக்கில் அலுமினியம் அடைத்திருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும், மேலாகத் துரு படிந்திருக்கும். உண்மையிலேயே மழுங்கியவையும் ராவித் தேய்ந்ததைவிட, டூல் பெட்டிக்குள் ஒன்றோடொன்று உரசிக் கெட்டவையாகவே பெரும்பாலும் இருக்கும். அதனால் கூர் ஏற்றுவதையும் பத்திரமாக வைப்பதையும் இங்கே பிரிக்காமல் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அரம் 1 சதவீதத்துக்கும் மேல் கார்பன் உள்ள எஃகு. உலோகக் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 60க்கு மேல் கடினம் ஏற்றப்பட்டது. கைப்பிடிக்குள் போகும் வால் பகுதி மட்டும் மென்மையாக விடப்பட்டிருக்கும். இரும்பைக் கடிக்க வைப்பதும் அந்தக் கடினம்தான், தரையில் விழுந்தால் ஒடிய வைப்பதும் அந்தக் கடினம்தான். பல் வளையாது, நொறுங்கும். கீழே வரும் எல்லாக் கோளாறுக்கும் அடிப்படை இதுதான்.

முதலில் சுத்தம், பிறகு வெளிச்சம்

எந்த அறிகுறியாக இருந்தாலும் அழுக்கோடு முடிவு செய்யாதீர்கள். மண்ணெண்ணெயிலோ பெயின்ட் கடைத் தின்னரிலோ அரை மணி நேரம் ஊறவைத்து, கம்பி பிரஷால் தேயுங்கள். பல் வரிசை எந்தச் சாய்வில் ஓடுகிறதோ அதே சாய்வில் பிரஷ் ஓட வேண்டும். இரட்டை வெட்டு அரத்தில் இரண்டு சாய்வு இருக்கும், இரண்டிலும் தேயுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் லிக்விடும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவி, உடனே வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காயவையுங்கள். ஈரத்தோடு பத்து நிமிடம் விட்டாலும் செம்மை படர ஆரம்பித்துவிடும்.

காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பூதக்கண்ணாடி இல்லையென்றால் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். கூரான பல்லின் நுனி ஒளியைத் திருப்பாது, கருப்பாகவே தெரியும். மழுங்கிய நுனியில் சின்னச் சின்ன வெள்ளைக் கோடு மின்னும். நீளம் முழுக்க ஒரே மாதிரி மின்னினால் அது சீரான தேய்மானம். அங்கங்கே திட்டாக மின்னினால் குறிப்பிட்ட வேலையாலோ உரசலாலோ வந்தது. வரிசையில் பல்லே காணாமல் வெற்றிடம் தெரிந்தால் உடைந்திருக்கிறது. இந்த மூன்றும் மூன்று வேறு நோய்.

அரம் வழுக்குகிறது, தூள் விழவில்லை

சுத்தம் செய்த பிறகும் வழுக்குகிறதா என்று பாருங்கள். சுத்தமான எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண மென்மையான இரும்பு) பட்டைத் துண்டு ஒன்றை எடுத்து வைஸில் இறுக்கி, லேசாக அழுத்தி ஒரே ஒரு முறை முன்னால் தள்ளுங்கள். அங்கே அரம் நன்றாகப் பிடித்தால் கோளாறு அரத்தில் இல்லை, நீங்கள் ராவ நினைத்த பொருளில் இருக்கிறது. பேரிங் வளையம், டிரில் பிட், கடினப்படுத்திய ஷாஃப்ட் ஆகியவற்றில் அரம் ஏறாது. அது அரத்துக்குச் சமமான கடினம், சில சமயம் கூடுதலும்கூட. அதன் மேல் பலம் போட்டுத் தள்ளுவதுதான் நல்ல அரத்தைக் கெடுக்க மிக வேகமான வழி. அரம் கண்ணாடி மேல் போவது மாதிரி சத்தமில்லாமல் சறுக்கினால் உடனே நிறுத்துங்கள். லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டில் அரம் ஏறும், ஆனால் சிரமப்பட்டு ஏறும். அதற்கு கிரைண்டரே சரி.

எம்.எஸ். துண்டிலும் வழுக்குகிறது, ஆனால் நுனியில் வெள்ளைக் கோடு எதுவும் இல்லை என்றால் எண்ணெய் மிச்சம் இருக்கிறது. தின்னரில் இன்னொரு முறை கழுவுங்கள். ராவும் பரப்பை விரலால் தடவித் தடவிப் பார்க்கும் பழக்கமும் ஒரு காரணம். விரல் பிசுக்கு பட்ட இடத்தில், முக்கியமாக வார்ப்பிரும்பில், அரம் நழுவும். தூளைத் தட்ட பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள், கையை வைக்காதீர்கள். உள்ளங்கை வேர்வையில் உப்பு இருப்பதால் துருவுக்கும் அதுவே காரணமாகிறது.

எம்.எஸ்.ஸிலும் வழுக்குகிறது, நுனியும் மின்னுகிறது என்றால் மழுங்கல்தான். அதற்கான வழி கொஞ்சம் கீழே இருக்கிறது.

ராவிய பரப்பில் ஆழமான கீறல் விழுகிறது

இதற்குக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றே. ராவிய தூள் பல்லிடுக்கில் குத்தி உட்கார்ந்து, அடுத்த தள்ளலில் பொருளையே கீறுகிறது. அலுமினியம், செம்பு, ஈயப்பற்று, மென்மையான இரும்பு எல்லாம் இந்த வேலையைச் செய்யும். அலுமினியம்தான் மோசம். வெட்டும்போது சூடாகிப் பல்லோடு ஒட்டிக்கொள்ளும், கம்பி பிரஷுக்கும் வராது.

பிரஷுக்கு வராத தூளை எடுக்கப் பித்தளைத் தகடு போதும். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள துண்டை எடுத்து, அதன் ஓரத்தைப் பல் வரிசையின் சாய்விலேயே அழுத்தித் தள்ளுங்கள். சில தள்ளலில் தகட்டின் ஓரமே அரத்தின் பல்லுக்கு ஏற்ற சீப்பாக வெட்டுப்பட்டுவிடும். அப்புறம் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் அது இறங்கி, அடைத்ததைத் தள்ளி வெளியே எடுக்கும். பித்தளை இல்லையென்றால் செம்புக் குழாயின் நுனியைத் தட்டித் தட்டையாக்கிக்கொள்ளலாம். இரும்பு ஊசி, கத்தி நுனி வேண்டாம். ஊசி நழுவினால் பல்லும் போகும், விரலும் போகும்.

அப்படியும் வராத அலுமினியத்துக்குக் காஸ்டிக் சோடா கரைசல் உண்டு. அது அலுமினியத்தைக் கரைக்கும், எஃகைத் தொடாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் போதும். சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவின் மேல் ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் பாத்திரம், ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம். வேலை நடக்கும்போது ஹைட்ரஜன் வாயு குமிழியாக வரும், அதனால் வெளியில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். குமிழி நின்றதும் எடுத்து நிறையத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பித்தளைச் சீப்போடு கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்தால் அதுவே போதும்.

அடைப்பு வராமல் தடுக்கச் சாக்பீஸ். ராவுவதற்கு முன் அரத்தின் முகத்தில் நன்றாகத் தேய்த்துவிட்டால் பள்ளங்கள் பாதி நிரம்பிவிடும். உலோகத்தூள் அடியில் போய் உட்கார முடியாது, பிரஷில் ஒரு தட்டுக்கு உதிர்ந்துவிடும். பரப்பும் நைஸாக வரும். அலுமினியத்துக்குச் சாக்பீஸைவிட மண்ணெண்ணெய் தொட்டு ராவுவது நல்லது. எதைப் போட்டாலும் வேலை முடிந்ததும் அதைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். சாக்பீஸ் பொடி காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சாக்பீஸோடு மழைக்காலத்தில் பெட்டிக்குள் வைத்த அரம் பள்ளத்தின் அடியிலிருந்து துருப்பிடிக்கும்.

அடைத்த தூளை உதிர்க்க அரத்தை வைஸின் மேல் டப் டப்பென்று தட்டுவது பல பட்டறைகளில் உள்ள பழக்கம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஓரப் பற்கள் ஒவ்வொன்றாக அப்படித்தான் உடைகின்றன.

புது அரம் சீக்கிரமே மழுங்கிவிட்டது

புது அரத்தின் பல் நுனி மிக மெல்லியது. அதை முதல் நாளே வெல்டிங் பற்றிலோ, ஆங்கிள் இரும்பின் கருநீலத் தோலிலோ, வார்ப்பிரும்பின் மேல் மண்தோலிலோ ஏற்றினால் நுனி நொறுங்கும். அந்தத் தோல்கள் உள்ளே இருக்கும் இரும்பைவிட மிகக் கடினம். முதலில் கிரைண்டரில் தோலை எடுங்கள். கிரைண்டர் இல்லையென்றால் ஒரு பழைய அரத்தின் ஓரத்தால் தோலைக் கிழித்துவிட்டு, பிறகு நல்ல அரத்தை எடுங்கள். மெல்லிய தகட்டின் ஓரத்தில் புது அரத்தை அழுத்துவதும் கூடாது. முழு அழுத்தமும் இரண்டு மூன்று பல்லின் மேல் விழும்.

பழைய ஃபிட்டர்கள் புது அரத்தை முதலில் பித்தளைக்கு வைத்துக்கொள்வார்கள். பித்தளை முழுக்கூர் பல்லைத்தான் ஏற்கும், கொஞ்சம் தேய்ந்ததும் வழுக்கும். பித்தளையில் வழுக்க ஆரம்பித்த அரம் எம்.எஸ்.ஸில் இன்னும் நீண்ட நாள் நன்றாக வேலை செய்யும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற முடியாது. பித்தளைக்கான அரத்தின் கைப்பிடியில் மஞ்சள் பெயின்ட் ஒரு வளையம் போட்டு வையுங்கள். வீட்டில் மற்றவர்கள் எடுத்தாலும் தெரியும்.

அடுத்தது திரும்பும் தள்ளல். அரத்தின் பல் முன்பக்கமாகச் சாய்ந்திருக்கும், முன்னால் போகும்போது மட்டுமே வெட்டும். பின்னால் இழுக்கும்போதும் அதே அழுத்தத்தோடு இழுத்தால் ஒவ்வொரு பல்லின் முதுகும் தேய்கிறது. முழுக்கத் தூக்கிவிட வேண்டும் என்றில்லை, அழுத்தத்தை விட்டால் போதும். வேகமும் வேண்டாம். நிமிடத்துக்கு 40 முதல் 50 தள்ளல் என்பது நிதானமான கை. அதற்கு மேல் போனால் அரம் வெட்டுவதைவிட உரசுவதே அதிகம்.

துருப்பிடித்திருக்கிறது

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இது தினசரிப் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களிலும் வரும்.

மேலாகப் படர்ந்த செம்மண் நிறத் துருவாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, கம்பி பிரஷால் தேய்த்து, தின்னரில் கழுவினால் போய்விடும். துடைத்த பிறகும் பள்ளத்தின் அடியில் கருப்பாகக் கெட்டியாக இருந்தால் வினிகரில் ஊறவையுங்கள், முறை அடுத்த பகுதியில் இருக்கிறது. பல்லின் நுனியிலேயே குழி விழுந்து அரித்திருந்தால் அந்தப் பல் திரும்ப வராது. அதை மர வேலைக்கு ஒதுக்கிவிடலாம்.

துரு ஏன் வந்தது என்று தேடும்போது மழையை மட்டும் பார்க்காதீர்கள், அறையைச் சுற்றிப் பாருங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி அதே அறையில் இருக்கிறதா? சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வரும் ஆசிட் ஆவி எல்லா இரும்பையும் தின்னும். கழிவறை ஆசிட் பாட்டில், பிளீச்சிங் பவுடர், உர மூட்டை இருக்கிறதா? மூடியிருந்தாலும் கசியும். இவற்றை வெளியேற்றாமல் எவ்வளவு எண்ணெய் தடவினாலும் துரு திரும்பத் திரும்ப வரும்.

நீளம் முழுக்க மின்னுகிறது: சீரான மழுங்கல்

இதற்குத்தான் ஆசிட் வைத்தியம். கிரைண்டரால் பல்லைத் தீட்ட முடியாது, ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாகத் தொடவும் முடியாது. ஆனால் மெல்லிய அமிலம் எல்லாப் பல்லையும் ஒரே நேரத்தில் தொடும். அது எப்படிக் கூர் ஏற்றுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எப்போது உதவும், எப்போது உதவாது என்பதும் விளங்கிவிடும். மழுங்கிய நுனி என்பது மிகச் சிறிய உருண்டை. அமிலம் அதன் இரண்டு பக்கமும் சம அளவில் உள்நோக்கி அரிக்கும்போது அந்த உருண்டையின் ஆரம் குறைந்துகொண்டே வரும். அரித்த அளவு ஆரத்துக்குச் சமமானதும் இரண்டு பக்கமும் ஒரு கோட்டில் சந்திக்கும், நுனி கூராகிவிடும். பள்ளமும் அதே அளவு கீழே போவதால் பல்லின் உயரம் பெரிதாகக் குறைவதில்லை, பல் மட்டும் கொஞ்சம் மெலியும்.

ஆகவே, லேசாக உருண்ட பல்லுக்கு நல்ல பலன். தட்டையாகத் தேய்ந்துபோன பல்லுக்குக் குறைந்த பலன். உடைந்த பல்லுக்கு ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு முறையும் பல் மெலிவதால் ஓர் அரத்துக்கு ஓரிரு முறைதான் இதைச் செய்யலாம். நைஸ் அரத்தில் பல்லே சின்னது, அதில் மிகக் கவனம் வேண்டும். வைர அரத்தை ஆசிடில் போடவே கூடாது. அதில் பல் கிடையாது, முலாம்தான் வைரத்துகளைப் பிடித்திருக்கிறது.

வீட்டுக்கு வெள்ளை வினிகரோ சிட்ரிக் ஆசிடோ போதும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பது சிட்ரிக் ஆசிட்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம். கைப்பிடியைக் கழற்றுங்கள். எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கழுவுங்கள். முழு வேலையும் இந்தக் கழுவலில்தான் இருக்கிறது. பசை இருந்த இடத்தில் அமிலம் தொடாது, அரம் திட்டுத்திட்டாக வெட்டும். அரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஒன்றரை இஞ்ச் பி.வி.சி. குழாய் ஒன்றை வெட்டி, அடியில் மூடி ஒட்டி, நிமிர்த்தி வைத்தால் கால் லிட்டருக்கும் கொஞ்சம் கூடுதலான கரைசலே பத்து இஞ்ச் அரத்துக்குப் போதும். அரம் நிமிர்ந்து நிற்பதால் குமிழிகளும் முகத்தில் தங்காமல் மேலே போய்விடும். மேல்வாயை இறுக மூடாதீர்கள், வாயு வெளியேற வேண்டும். ஒரு குழாயில் ஓர் அரம்தான். இரண்டு போட்டால் தொட்ட இடம் வெள்ளையாகவே நிற்கும்.

எவ்வளவு நேரம் என்பது பல்லின் அளவையும் தட்பவெப்பத்தையும் பொறுத்தது. பாஸ்டர்ட் (பெரிய பல்) அரத்தை இரவு போட்டுக் காலையில் பார்க்கலாம். செகண்ட் கட் (நடுத்தரப் பல்) அரத்தை மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஸ்மூத் (நைஸ் பல்) என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை. எடுக்கும்போது முகத்தில் கருப்பாக மசி படிந்திருக்கும். எஃகிலிருந்த இரும்பு கரைந்து கார்பன் மிஞ்சியதுதான் அது. பழைய டூத் பிரஷால் தேய்த்துவிட்டு, அலசி, நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைக் கோடு மறைந்துவிட்டால் உடனே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் கூராகும் என்பது கிடையாது. நுனி ஒரு முறை கூரானபின் அதற்கு மேல் அரிப்பதெல்லாம் நஷ்டம்.

எடுத்ததும் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, குமிழி அடங்கும்வரை வையுங்கள். சுடுதண்ணீரில் அலசுங்கள். சூடான அரம் தானே காயும், அதுதான் சுடுதண்ணீரின் பயன். உடனே மெல்லிய எண்ணெய் தடவித் துடையுங்கள். கடினமான எஃகு அமிலத்தில் கிடக்கும்போது ஹைட்ரஜனை உள்வாங்கிக் கொஞ்சம் நொறுங்கும் தன்மை பெறும், அதனால் ஒரு நாள் சும்மா வைத்துவிட்டு அப்புறம் கனமான வேலைக்கு எடுப்பது நல்லது.

பேட்டரி ஆசிட்டில் போட்டால் சீக்கிரம் ஆகுமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும். ஆனால் சில நிமிடம் கவனம் தப்பினால் பல் போய்விடும், கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். வீட்டில் வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. கழிவறை ஆசிட் அதைவிட மோசம். அதன் ஆவியால் அறையிலுள்ள மற்றக் கருவிகளெல்லாம் துருப்பிடிக்கும், அதன் குளோரைடு எஃகின் நுண்குழிகளில் தங்கி, கழுவிய பிறகும் அரித்துக்கொண்டே இருக்கும்.

ஆசிட் இல்லாமல் இன்னொரு வழி, மணல் வீச்சு. 1870-ல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த பெஞ்சமின் டில்க்மேன் மணல் வீச்சு முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். கொஞ்ச காலத்திலேயே நீராவியோடு நுண்மணலைப் பல்லின் முதுகில் சாய்வாக அடித்து அரத்துக்குக் கூர் ஏற்றும் தொழிலும் வந்துவிட்டது. முதுகு தேயத் தேய நுனி மெலிந்து கூராகிறது. நேராக அடித்தால் நுனிதான் மழுங்கும். இங்கே அம்பத்தூர், கோயம்புத்தூர் பக்கம் பிளாஸ்டிங் செய்யும் பட்டறைகளில் பேசி, மிக நைஸான துகளில், குறைந்த அழுத்தத்தில், பல்லின் பின்பக்கமிருந்து சாய்த்து அடிக்கச் சொல்லிப் பார்க்கலாம். முதலில் ஒரு பழைய அரத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஆற்று மணலை வைத்து வீட்டில் செய்ய முயல வேண்டாம், அந்தச் சிலிக்காத் தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும்.

ஆசிட் வைத்தும் பலனில்லை, அல்லது மறுநாளே சிவந்துவிட்டது

பலனில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்று: எண்ணெய் போகவில்லை, கரைசல் பழையது, பல் உருண்டையாக இல்லாமல் தட்டையாகவோ உடைந்தோ இருக்கிறது. முதல் இரண்டுக்கும் ஒரு முறை திரும்பச் செய்யலாம். மூன்றாவதுக்கு விட்டுவிடுங்கள்.

மறுநாளே சிவந்தால் சோடாத் தண்ணீர் போதவில்லை, அல்லது பள்ளத்தில் ஈரம் நின்றது. மறுபடி சோடா, சுடுதண்ணீர், எண்ணெய். ஆசிட் பட்ட எஃகு மேல்பூச்சு எதுவுமில்லாத பச்சை இரும்பு, காற்று பட்டாலே பிடித்துக்கொள்ளும்.

ஓரத்தில் பல் உடைந்திருக்கிறது, நடுவில் திட்டுத்திட்டாக மின்னுகிறது

இது பெரும்பாலும் வேலையில் வந்த கோளாறு இல்லை, வைப்பதில் வந்தது. அரத்தின் பல்லைக் கெடுக்கும் அளவு கடினமான பொருள் வீட்டில் அதிகம் இல்லை, ஆனால் இன்னொரு அரம் இருக்கிறது. ஒரே டிராயரில் ஐந்து அரத்தைப் போட்டுத் திறந்து மூடினால், ஒவ்வொரு முறையும் சமமான கடினம் கொண்ட பற்கள் ஒன்றையொன்று ராவிக்கொள்கின்றன. ஸ்பேனர், உளி, டிரில் பிட் கூடவே கிடந்தால் அவற்றுக்கும் சேதம்தான்.

பி.வி.சி. எலெக்ட்ரிக் குழாய்தான் எனக்குப் பிடித்த வழி. முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச் குழாய்களை அரத்தின் நீளத்துக்கு வெட்டி, கட்டாகக் கட்டி, அலமாரியில் கொஞ்சம் சாய்வாக வையுங்கள். அகலமான அரத்துக்கு ஒன்றேகால் இஞ்ச் தேவைப்படும். ஒன்றுக்கு ஒன்று. இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் காற்று ஓடும், தூளும் கீழே கொட்டிவிடும். செலவும் மிகக் குறைவு, வயரிங் வேலையில் மிஞ்சிய துண்டுகளே போதும்.

சுவர் இருந்தால் மரச்சட்டத்தில் வரிசையாகப் பள்ளம் வெட்டி, கைப்பிடி மேலே தங்க, அரம் கீழே தொங்குமாறு மாட்டலாம். எது எங்கே என்று ஒரே பார்வையில் தெரிவதால், கைக்கு வந்ததை எடுத்து அவசரத்தில் தப்பான வேலைக்குப் போடுவது நின்றுவிடும். ஆனால் சுவர் ஈரம் கசியும் சுவராக இருக்கக் கூடாது. குளியலறைக்கு அடுத்த சுவரை விட்டுவிடுங்கள்.

துணிச் சுருள் வெளியே எடுத்துப் போக நல்லது. வீட்டில் மாதக்கணக்கில் வைக்க நல்லதல்ல, துணி ஈரம் குடிக்கும். அரத்தோடு வந்த பிளாஸ்டிக் உறையும் அப்படித்தான், மூடி வைத்தால் உள்ளே வேர்க்கும். ஊசி அரங்களுக்கு ஒரு மரக்கட்டையில் துளையிட்டு வால் கீழே போகுமாறு நட்டு வையுங்கள்.

மழைக்காலத்துக்கு மூடியுள்ள டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் உதவும். நிறம் மாறிய ஜெல்லை வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் திரும்பப் பயன்படும், ஆனால் சமையல் வாணலி வேண்டாம். எண்ணெய் பூசுவதில் அளவு முக்கியம். துணியில் இரண்டு சொட்டு விட்டு முகத்தைத் துடைத்தால் போதும். வழிய வழியப் பூசினால் தூள் ஒட்டும், அடுத்த முறை அரம் வழுக்கும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசினாகக் கெட்டியாகும். தையல் மிஷின் எண்ணெய் போதும். திரும்ப எடுக்கும்போது தின்னர் நனைத்த துணியால் ஒரு துடைப்பு, அப்புறம் சாக்பீஸ்.

கீச்சென்று சத்தம், பரப்பில் அலை அலையாகத் தடம்

பொருள் வைஸின் வாய்க்கு மேல் அதிகம் நீட்டிக்கொண்டிருக்கிறது. இறக்கிப் பிடியுங்கள். தகடாக இருந்தால் இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து இறுக்குங்கள். அரத்தை நேராகத் தள்ளாமல் கொஞ்சம் சாய்வாகத் தள்ளிப் பாருங்கள். வைஸின் வாய் உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கைப்பிடி கழன்று கழன்று வருகிறது

கைப்பிடி இல்லாமலோ ஆடும் கைப்பிடியோடோ ஒரு தள்ளல்கூட வேண்டாம். அரம் எதிலாவது தடுத்து நின்றால் வால் நேராக உள்ளங்கைக்குள் இறங்கும். பிளந்த கைப்பிடியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள், விலை அதிகமில்லை. பொருத்தும்போது அரத்தைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. வாலைக் கைப்பிடிக்குள் விட்டு, கைப்பிடியின் அடியைப் பெஞ்சில் மேலிருந்து தட்டுங்கள். அரத்தின் எடையே அதை உள்ளே இறக்கும். கழற்ற வேண்டுமென்றால் கைப்பிடியின் தலையை வைஸின் ஓரத்தில் தட்டினால் வந்துவிடும். துளை பெரிதாகிவிட்டதென்றால் ஒரு மெல்லிய மரச்சீவலை வைத்து இறுக்கலாம்.

முக்கோண அரத்தின் மூலை மட்டும் போய்விட்டது

ரம்பம் தீட்டுபவர்களுக்கு வருவது. ரம்பப் பல்லின் ஆழத்தைப்போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூடுதல் அகலமுள்ள அரம் வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு முகமும் இரண்டு பாதியாகப் பயன்பட்டு, மூன்று மூலையும் சமமாகத் தேயும். அதைவிட முக்கியமாக, இப்போது கடையில் கிடைக்கும் பல ரம்பங்களின் பல் நுனி கருநீலமாக இருக்கும். அது மின்சாரத் தூண்டலால் கடினப்படுத்தியது, தீட்டுவதற்காகச் செய்ததே அல்ல. அதில் அரத்தை வைத்தால் ரம்பம் கூராகாது, அரம்தான் போகும்.

எதற்கும் மசியவில்லை

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, பல் தட்டையாகிவிட்டது. பெயின்ட் சுரண்ட, மரத்தின் ஓரம் உடைக்க, பிளாஸ்டிக் பிசிறு எடுக்க ஓர் அரம் பட்டறையில் எப்போதும் தேவை, அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். முனையைக் கிரைண்டரில் தண்ணீரில் அடிக்கடி முக்கி நேர்க்கோணமாக உரசினால், லேத்திலும் கைவேலையிலும் நல்ல சுரண்டி கிடைக்கும். நீலம் பாயுமளவு சூடானால் கடினம் போய்விடும். பழைய அரத்தைக் கடப்பாறையாகவோ, சுத்தியலால் அடிக்கும் உளியாகவோ மட்டும் மாற்றாதீர்கள். அந்தக் கடினத்தில் அடி விழுந்தால் அது துண்டாகத் தெறிக்கும். உளி வேண்டுமென்றால் ஊர்க் கொல்லரிடம் கொடுங்கள். அவர் உலையில் காய்ச்சி, அந்தக் கடினத்தை இறக்கி, அடிதாங்கும் பதத்துக்குத் துவைச்சல் கொடுத்துத் தருவார்.